இரண வைத்தியம் தந்த கிறீன்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம், வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற பெயரை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து போவது எனது வழக்கமாக இருந்தது. மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்கர் என்பதே அந்த வரி. தேர்வுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் ஆயுள் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை நான் உணர்ந்தது மிகவும் பிந்தித்தான். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்த என் சின்னம்மாவின் வயிற்றிலிருந்த ஒரு தழும்பே அதை எனக்கு உணர்த்தியது. ஆகையால் அந்தப் பெரியாரின் வாழ்க்கையைச் சொல்லப் புகுமுன் அந்தத் தழும்பின் கதையைச் சிறிது சொல்ல வேண்டியவனாகிறேன். அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

சின்னம்மாவுக்கு முதற் சத்திரசிகிச்சை நடந்தபோது அவருக்கு வயது 38. வயிற்றுவலியை மூன்று நாள் கசாயத்தாலும் மாத்திரையாலும் அடக்கிக்கொண்டு மலைக்குப் போனார். நாலாம் நாள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. தொப்புளுக்கு மேலும் கீழுமாக நெடுகக் கீறி, வயிற்றைக் கழுவி, அவர் உயிரைக் காத்துக் கொடுத்தார்கள். தைத்த காயமும் சீழ்ப்பிடித்தது. அது ஆற ஒரு மாதஞ் சென்றது. ஆறாம் வாரம் அவர் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மறுபடியும் மலையேறிவிட்டார். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. காயம் ஆறுவதற்கு எத்தனை நாள் வேண்டும் என்பது செக்ரோலுக்குத் தெரியாது.

ஓராண்டுக்குள் தழும்பின் நடுவே ஒரு புடைப்புத் தோன்றியது. நின்றால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போகும். இருமினாற் பந்துபோல் எழும். இதனையே தழும்புவழிக் குடலிறக்கம் என்கிறார்கள். வயிற்றுச் சுவரிலே பல படைகள் உண்டு. தோல், அதன்கீழ்க் கொழுப்பு, அதன்கீழ் வெண்ணிறமான உறுதிமிக்க இழையுறை, தசை, எல்லாவற்றுக்கும் உள்ளே குடலைப் போர்த்திய மெல்லிய சவ்வு. வயிற்றைத் தாங்குவது அந்த இழையுறையே. அதனைக் கீறித் தைத்தால், மேலே தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிவிடும். உள்ளே இழையுறை பலம்பெற மாதங்கள் செல்லும். அப்போதும் முன்னிருந்த முழு வலிமை அதற்குத் திரும்புவதில்லை. சீழ்ப்பிடித்த காயம், ஓயாத இருமல், நீரிழிவு, புகைப்பழக்கம், மிகுந்த உடற்பருமன், காலத்துக்கு முந்திய பளு ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் அந்தத் தையல் உள்ளே மெல்ல மெல்ல விலகும். அந்த இடைவெளியினூடே குடல் வெளிப்புறம் தள்ளும்.

இரண்டாம் சத்திரசிகிச்சையின்போது துணைக்குப் போனவன் நான். அங்கிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. சின்னம்மாவுக்குத் தமிழன்றி வேறொன்றும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதறிந்து, நடக்கப்போவதை நோயாளிக்கு விளக்கும்படி வைத்தியர் என்னைப் பணிவோடு கேட்டுக்கொண்டார். விலகிய ஓரங்களை இழுத்து நூலால் தைக்கப்போவதாகவும், அது மீண்டும் விலகக்கூடும் என்பதாகவும், மூன்று மாதமாவது பாரந்தூக்கலாகாது என்பதாகவும், இருமலுக்கு உடனே மருந்தெடுக்க வேண்டும் என்பதாகவும் அவர் ஒழுங்காகவே எடுத்துரைத்தார். நான் அவ்வளவையும் கேட்டுவிட்டு, சின்னம்மாவிடம் திரும்பி, பயப்பட ஒன்றுமில்லை, சின்ன வேலைதான், தைத்துவிடுவார்கள் என்று சொல்லி முடித்தேன். அச்சமூட்டக்கூடாதென்ற அன்பு அதற்கு ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல நாணமாயிருக்கிறது. இருபது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு, அந்த வைத்தியர் சொன்னதைச் சொல்வதற்குத் தமிழிலே சொல் வரவில்லை. சின்னம்மா நாற்பதாம் நாள் மலைக்குப் போனார். இரண்டாண்டில் முன்னதிலும் பெரிதாகப் பிதுக்கம் எழுந்தது.

அந்தக் காலத்திலேதான் ஆசிரியர் கூட்டமொன்றுக்கு உரை ஆயத்தஞ் செய்வதற்காகக் கிறீனின் வரலாற்றை முதன்முறையாக முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க என் நெஞ்சு என்னைக் குத்தியது.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பது நமக்கு நினைவில் வைக்கத்தக்க ஒற்றுமை. கிறீனின் குடும்பம் வசதியும் கல்வியும் உடையது. அவருடைய தமையனாராகிய அன்ட்றூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரத்தின் புகழ்பெற்ற மத்திய பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர். சகோதரர் இருவருள் ஒருவர் உலகின் பெருநகரமொன்றை அமைப்பதில் ஆயுளைச் செலவிட்டார். மற்றவர் மானிப்பாய் என்னும் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்.

நியூயோர்க்கில் மருத்துவமும் சத்திரசிகிச்சையும் பயின்று 1845இற் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது 25. ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் 1819இலேயே வந்து பண்டத்தரிப்பிற் பணியாற்றியிருந்தார். அவர் வழியிலும் அவருக்குப் பின்வந்த நேதன் வார்ட் வழியிலும் மூன்றாமவராக வந்தவர் கிறீன். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு தொடக்கம் மானிப்பாயிலும் வைத்தியஞ் செய்தார்.

அவர் கப்பலேறிய காலம் வைத்திய உலகில் பெரும் புரட்சி நிகழ்ந்த காலம். ஈதர் என்னும் ஆவியை முகரச்செய்து நோவறியாமற் சத்திரமிடலாம் என்று பொஸ்டன் நகரில் யாவருங் காண மெய்ப்பித்துக் காட்டியது 1846 ஒக்டோபரில். குளோரபோம் மயக்கமருந்தாக வழங்கத் தொடங்கியது 1847 நவம்பரில். அதற்கு முன்னெல்லாம் நோயாளியைப் பலர் பிடித்து அழுத்திக்கொள்ள, நொடிப்பொழுதில் அறுத்து முடிப்பவரே சிறந்த சத்திரவைத்தியர் எனப்பட்டார்.

அதே 1847இல் மற்றொரு பயணமும் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழை மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே கால்நடையாக மாத்தளைக்கும் அப்பால் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். பசியாலும் கொள்ளைநோயாலும் அந்தப் பாதையில் மாண்டவர் பலர். என் முன்னோர் வந்த வழி அது. கிறீன் வந்திறங்கிய வடபகுதிக்கும் இவர்கள் ஏறிய மலைக்கும் இடையில் அன்று மொழி ஒன்றுதவிர வேறு பாலம் இல்லை.

மானிப்பாயில் நோயாளிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினர். ஒரு வைத்தியர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? ஆகையால் 1848 தொடக்கமே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவங் கற்பித்தார். இலங்கையில் மேலைநாட்டு மருத்துவக் கல்வி முறையாக வேரூன்றியது அங்கேதான் எனலாம். கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்; மானிப்பாய் அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் முந்தியது.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. நூல் ஆங்கிலத்தில் இருந்தது, ஆசிரியரும் அம்மொழியினர். மாணவர் திறமையாகவே கற்றனர். கற்று முடித்தவுடன் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டுப் போகத் தலைப்பட்டனர். எந்தக் கிராமத்து நோயாளிக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அந்தக் கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். இதைக் கண்ட கிறீன் மாணவரைக் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை. தமது முறையையே மாற்றத் துணிந்தார். வைத்தியம் தமிழில் இருந்தால் வைத்தியர் தமிழரிடையே தங்குவர் என்பது அவர் கண்ட முடிவு. மாணவர் தங்கள் உடையையும் உணவையும் விட்டு மேலைநாட்டாரைப்போல் மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

இந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. தமிழிலே பாடநூல் இல்லை. நூல் எழுதச் சொல் இல்லை. சொல்லைத் தேடித் தரும் அகராதியும் இல்லை. எல்லாவற்றையும் ஒருங்கே ஆக்கவேண்டியிருந்தது. பகலில் நோயாளி, மாலையில் மாணவர், எஞ்சிய பொழுதில் மொழிபெயர்ப்பு என்று அவர் நாட்கள் கழிந்தன. மாணவர்களும் அவரோடிருந்து எழுதினார்கள். அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஏற்ற சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பார். கிடைக்காதபோது வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசையச் செய்துகொள்வார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலுக்குச் சுகரணம் என்றும், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்றும் அவர் வழங்கிய பெயர்களில் இந்த மூன்று வழியின் சாயலையும் காணலாம். சொற்பட்டியல்களையும் தனியே அச்சிட்டார். இன்று கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவோர் எவரும் இந்த வழிகளிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை.

நாவலரும் கிறீனும் சமயத்தால் எதிரெதிர்த் திசையினர். ஒருவர் சைவங் காக்க எழுதினார். மற்றவர் கிறித்துவம் பரப்ப வந்தவர். கிறீனுக்கு வைத்தியம் என்பது தமது சமயப் பணியின் ஓர் அங்கமே. அதை மறைத்துப் பேசுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும், தமிழ் உரைநடை செய்யுளின் துணையின்றித் தானே நின்று எப்பொருளையும் தெளிவாகச் சொல்லவல்லது என்பதை ஒரே காலத்தில், ஒரே நாட்டில், இருவேறு துறைகளில் அவ்விருவரும் காட்டினர்.

பத்தாண்டு இடைவிடா உழைப்பால் உடல்நலங் குன்றிய கிறீன் தாயகஞ் சென்றார். 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற மாதரை மணந்து, அவ்வாண்டே மறுபடியும் மானிப்பாய்க்கு வந்தார். ஓய்வுக்குக் காரணம் இருந்தும் ஓய்வை நாடாத இந்த இரண்டாம் வருகையிலேதான் தமிழ் வகுப்பும் பெருநூல்களும் உருப்பெற்றன. 1857இல் ஏற்கெனவே பிரசவ வைத்தியம் வெளிவந்திருந்தது. 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. அது துருவிதர் என்று அவர் தமிழ்ப்படுத்திய ஆங்கிலச் சத்திரவைத்தியரின் நூல்.

அந்த 1867 என்னும் ஆண்டைக் குறித்து நான் பலநாள் எண்ணியிருக்கிறேன். அவ்வாண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்தியர் கண்டிக்கு அப்பாலுள்ள லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை நட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். அவ்வாண்டிலேதான் ஜோசப் லிஸ்ரர் என்ற சத்திரவைத்தியர், காயம் சீழ்ப்பிடிப்பது இயற்கையன்று, கிருமியால் விளைவது, காபோலிக் திராவகத்தால் அதனைத் தடுக்கலாம் என்று உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டிலேதான் தமிழில் இரண வைத்தியம் தோன்றியது. தேயிலை, சீழற்ற சத்திரசிகிச்சை, அதைச் சொல்லும் தமிழ் ஆகிய மூன்றும் ஓராண்டிற் பிறந்த உடன்பிறப்புகள். பின்னாளில் முதல் இரண்டும் மலைநாட்டில் ஒன்றையொன்று சந்தித்தன. மூன்றாவதாகிய தமிழ் வழியிலே தங்கிவிட்டது.

கிறீன் காலத்துச் சத்திரவைத்தியருக்குக் குடலிறக்கம் நன்கு தெரிந்த நோய். கவட்டிலும் தொடையின் மேற்புறத்திலும் தொப்புளிலும் இயற்கையாக உள்ள மெலிந்த இடங்களினூடே குடல் இறங்குவதும், இறங்கிய குடல் நெரிபட்டு இரத்தவோட்டம் அற்று அழுகுவதும், அந்த நெரிப்பை உடனே கத்தியால் விடுவிக்காவிடின் உயிர்போவதும் அக்காலத்துச் சத்திரநூல்களில் முக்கியமான பாடங்கள். தழும்புவழி வரும் குடலிறக்கமோ அன்று அரிது. காரணம் வெளிப்படை. வயிற்றைத் திறந்தால் நோயாளி பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிழையாதவருக்குத் தழும்பு ஏது? மயக்கமருந்து வந்து, லிஸ்ரர் காட்டிய வழியிற் கிருமியும் அடங்கியபின்புதான் வைத்தியர்கள் அச்சமின்றி வயிற்றைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களிற் சிலருக்குத் தழும்பு விலகியது. ஆகவே இது சத்திரவைத்தியத்தின் வெற்றியோடு கூடப்பிறந்த நோய். இன்றும் வயிற்றைப் பெரிதாகத் திறந்து தைத்தவர்களிற் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவிலாவது அது தோன்றுகிறது.

1872இல் கிறேயின் பெரிய உடற்கூற்று நூலும், வைத்தியாகரம் என்ற பொது மருத்துவ நூலும் தமிழில் வெளிவந்தன. அதே 1872இலேதான் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவையைக் கவனிக்க அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. மலைநாட்டிலே வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் எழுவதற்கு அது வழிகோலியது. தமிழ் பேசும் தொழிலாளருக்கு வைத்தியசாலையும், தமிழ் பேசும் வைத்திய நூலும் ஒரே ஆண்டிற் கிடைத்தும், இரண்டையும் இணைப்பார் இல்லாது போயினர்.

1873இல் கிறீன் இலங்கையை விட்டுச் சென்றார். அதுவரை அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழிலேயே கற்றவர்கள். ஊருக்குப் போனவர் ஓய்ந்திருந்தாரில்லை. வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தினார். கெமிஸ்தம் 1875இல் வந்தது. மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. அவர் தாமாகவும் மாணவரோடு சேர்ந்தும் தமிழிற் கொணர்ந்த மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. 1884 மே 28ஆந் திகதி அவர் காலமானார். தமது கல்லறையிலே தமிழர்க்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்ற பொருள்படப் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமிழொலி கேளாத அத்தூர நாட்டிலே தமிழர் பெயரைத் தாங்கி நிற்கும் கல் அது. மானிப்பாயில் அவர் தொடக்கிய வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று அவர் பெயரால் வழங்குகிறது.

அவர் மறைந்த அதே 1884ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலி நாட்டு எதுவார்தோ பசினி கவட்டுக் குடலிறக்கத்தைப் படைபடையாகத் தைத்து மூடும் புதிய முறையைக் கையாளத் தொடங்கினார். நவீன குடலிறக்கச் சிகிச்சை அங்கே தொடங்குகிறது. கிறீன் அதைக் காணவில்லை. அவருடைய தமிழ் மருத்துவ வகுப்பும் அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வைத்திய அறிவு ஆண்டுக்காண்டு பெருகியது. அதோடு ஈடுகொடுத்து நூல்களைப் புதுக்குவார் இல்லை. ஆங்கிலத்திற் கற்ற நம் வைத்தியர்கள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார்கள் என்பதையும் நாம் மறுக்கலாகாது. ஆயினும் கிறீன் எழுப்பிய வினா மறுமொழியின்றி நிற்கிறது. வைத்தியர் எந்த மொழியிற் கற்றாலும் நோயாளி எந்த மொழியிற் கேட்கிறார்?

இந்த வினாவோடுதான் நான் சின்னம்மாவின் மூன்றாம் சத்திரசிகிச்சைக்குப் போனேன். இம்முறை வைத்தியரிடம் முன்னரே சென்று, அவர் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு, மூன்று இரவுகள் இருந்து தமிழில் ஒரு தாள் எழுதினேன். எழுதியதைச் சின்னம்மாவுக்கு வாசித்துக்காட்டி, அவர் முகம் எங்கே சுருங்குகிறதோ அங்கே சொல்லை மாற்றினேன்.

நூலால் மட்டும் தைத்தால் ஏன் போதாதென்று அதில் எழுதினேன். ஒல்லாந்து நாட்டு வைத்தியர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நூலால் மட்டும் தைத்தோரில் நூற்றுக்கு 43 பேருக்கு மூன்றாண்டுக்குள் பிதுக்கம் திரும்பியது; வலை வைத்துத் தைத்தோரில் நூற்றுக்கு 24 பேருக்கே திரும்பியது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவை 63 என்றும் 32 என்றும் ஆயின. வலை என்றதும் சின்னம்மா மீன்வலையை நினைத்து அஞ்சினார். பொலிபுரொப்பிலீன் என்ற பொருளால் நெய்த மெல்லிய துணி அது, உரச்சாக்கு நெய்வதும் அதே இனத்துப் பொருளால்தான் என்று விளக்கினேன். அமெரிக்கச் சத்திரவைத்தியர் பிரான்சிஸ் அஷர் அதனை வழக்குக்குக் கொண்டுவந்தார். பின்னர் பிரெஞ்சு நாட்டு றீவும் ஸ்தொப்பாவும் அதனைத் தசைக்குப் பின்னால் விரித்து வைக்கும் முறையை வளர்த்தனர். வலையின் கண்களினூடே உடலின் இழைகள் வளர்ந்து பின்னிக்கொள்ளும். கிழிந்த சாக்கின் ஓரங்களை மட்டும் இழுத்துத் தைத்தால் அடுத்த சுமையில் மறுபடி கிழியும். உட்புறம் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் தாங்கும். இதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார். ஆயுளில் எத்தனையோ சாக்குகளைத் தைத்தவர் அல்லவா!

அடுத்து, நான் முன்பு விழுங்கிய பகுதியையும் எழுதினேன். வலை வைத்த இடத்தில் நீர் தேங்கி வீக்கம் தோன்றலாம். அது பெரும்பாலும் தானே வற்றும். அதனைப் பிதுக்கவோ குத்தவோ கூடாது. காயம் சீழ்ப்பிடிக்கலாம், சீழ் வலையைப் பற்றினால் சிலவேளை வலையையே எடுக்க நேரும். பழைய தழும்பில் ஒட்டிக்கிடக்கும் குடலைப் பிரிக்கும்போது குடல் காயப்படலாம்; அது கவனிக்கப்படாவிடின் மலம் வெளியே கசியும் துளையாகிவிடும். நெடுநாள் வெளியே கிடந்த குடலை உள்ளே அடக்கும்போது வயிற்றின் அழுத்தம் கூடி மூச்சு முட்டலாம். படுத்தே கிடந்தாற் கால் நாளத்தில் இரத்தம் உறையலாம். ஆகவே எழுந்து நடக்க வேண்டும். சிலருக்கு நோவு நெடுநாள் நீடிக்கும். இவ்வளவுக்குப் பின்னும் பிதுக்கம் திரும்பலாம். புடைப்பு உள்ளே போகாமல் கல்லுப்போல் இறுகி, வாந்தியும் வந்து, வாயு பிரியாது நின்றால் ஒரு மணிநேரமும் தாமதியாமல் வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

முழுவதையுங் கேட்டபின் சின்னம்மா அழவுமில்லை, மறுக்கவுமில்லை. சென்ற முறை ஏன் இதைச் சொல்லவில்லை என்று மட்டும் என்னிடம் அமைதியாகக் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. மூன்றாம் வாரம் தழும்பின்கீழ் நீர் தேங்கி வீங்கியது. லயத்திலுள்ளோர் பலரும் பல யோசனை சொன்னார்கள். ஊசியாற் குத்தினால் வற்றும் என்றும் ஒருவர் சொன்னார். சின்னம்மா என் தாளை எடுத்துப் பேத்தியைக்கொண்டு வாசிக்கச் செய்து, எவரையும் கைவைக்க விடாமல், வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்தார். வீக்கம் தானே வற்றியது. அவரே தோட்டத்து உத்தியோகத்தரிடம் போய், வயிற்றுக்குள் வலை வைத்திருக்கும் கதையை விளக்கிச் சொல்லி, சில மாதங்களுக்குப் பிள்ளைமடுவத்தில் இலகுவான வேலை கேட்டுப் பெற்றுக்கொண்டார். தன் உடலைப் பற்றித் தன் மொழியில் அறிந்தவர் தனக்காகத் தானே பேசினார்.

மொழி ஒன்றே போதும் என்று நான் வாதிக்கவில்லை. பேர் விழாவிட்டாற் பட்டினி என்ற நிலையிருக்கும்வரை, எவ்வளவு தெளிந்த தமிழும் ஒரு பெண்ணை மூன்று மாதம் வீட்டில் இருத்திவிடாது. சத்திரவைத்தியர்களும் தம் பங்கைச் செம்மை செய்துகொண்டே வருகிறார்கள். முதற் காயத்தை மூடும்போது ஒரு சதமமீற்றர் இடைவெளிக்குப் பதிலாக அரைச் சதமமீற்றர் இடைவெளியில் நெருக்கமாகச் சிறு தையலிட்டால், ஓராண்டில் பிதுக்கம் கண்டோர் நூற்றுக்கு 21 பேரிலிருந்து 13 பேராகக் குறைந்தனர் என்று 2015இல் வெளியான மற்றோர் ஒல்லாந்து ஆய்வு கூறுகிறது. நூலைப் பிடிக்கும் கையில் அரைச் சதமமீற்றர் கவனம் இத்தனை பேரைக் காக்குமாயின், சொல்லைப் பிடிக்கும் நாவில் நாம் காட்டும் கவனம் எத்தனை பேரைக் காக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று வைத்தியராகவும் தாதியராகவும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒவ்வொரு பெரிய சத்திரசிகிச்சைக்கும் எளிய தமிழில் ஒரு தாள் இருக்குமாயின், கிறீனின் நாலாயிரம் பக்கங்களும் வீண்போகவில்லை எனலாம். அதை எழுதிக்கொடுக்கத் தமிழாசிரியர்களும் வைத்தியர்களும் ஒருங்கு அமரவேண்டும். எங்கள் பகுதியில் நாலைந்து பேர் அவ்வாறு அமரத் தொடங்கியிருக்கிறோம்.

ஒருநாள் மாலை சின்னம்மாவிடம் கிறீனின் கதையைச் சொன்னேன். கடல்கடந்து வந்த அந்த வெள்ளைக்காரர் தமிழை எப்போது கற்றார் என்று கேட்டார். இருபத்தைந்து வயதில் இங்கு வந்த பிறகுதான் என்றேன். சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, அப்படியானால் பிறந்தது முதல் தமிழ் பேசுகிற எங்களுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை என்றார். இப்போதெல்லாம் என் வகுப்பிற் கிறீனுக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை; ஒரு பாடவேளை முழுவதையும் ஒதுக்குகிறேன்.